எட்டடிக்கு ஒரு மார்ஷல்

நான் கேட்டது எட்டடி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு இந்த விவகாரத்தில் பதினோரு கூட்டம், நான்கு துறை, ஒரு கையேடு, நாற்பது மேற்சட்டை, ஒரு மேடை என்று என்னென்னவோ வந்து சேர்ந்தன. எட்டடியை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

என் பெயர் இக்னேஷியஸ். காசிமேட்டில் ஒரு ஐஸ் பேக்டரியில் கம்ப்ரசர் பார்க்கிற வேலை. குடியிருப்பது திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சூசையப்பர் தெருவில். எங்கள் தெருவுக்கு ஒரே வாய். இன்னொரு முனையை, எப்போதோ மூடிய ஒரு தொழிற்சாலையின் மதில் அடைத்துக்கொண்டிருக்கிறது. வாயில் வந்து நின்றால் எதிரே நெடுஞ்சாலை. அதன் ஓரத்தில், துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள், ஒன்றின் மூக்கு இன்னொன்றின் முதுகைத் தொடுகிற மாதிரி மூன்று கிலோமீட்டருக்கு நிற்கும். இடையில் பூனை போகலாம். ஆட்டோ போகாது.

ஆட்டோ எதற்கு என்றால், கரோலினுக்காக. என் மனைவி. இரண்டு வருஷமாக அவளுக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிக்கு அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை. ஏழரைக்குள் போகாவிட்டால் அந்தப் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். ஆஸ்பத்திரிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது, வெளியே பெஞ்சில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் மூச்சு வாங்கும். மூன்றாவது தடவை என்ன ஆகும் என்று கேட்டேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எங்கள் ஆட்டோக்காரர் ஹுமாயூன் ஆறு மணிக்கே வந்து நிற்பார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் லாரி லாரியாகப் போய்க் கெஞ்ச வேண்டும். கொஞ்சம் முன்னால் எடுங்கள் என்றால் முன்னால் இருப்பவனிடம் சொல்லு என்பார்கள். கொஞ்சம் பின்னால் என்றால் பின்னால் இருப்பவனிடம். பின்னால் இருப்பவன் தூங்கிக்கொண்டிருப்பான். ஆறு மாதம் இப்படி ஓடியது. பேஜாராகிப் போய் ஒரு மனு எழுதினேன். எங்கள் தெரு வாயில் எட்டடி இடைவெளி விட்டு லாரிகளை நிறுத்த ஆவன செய்ய வேண்டுகிறேன். அவ்வளவுதான், ஒன்றரை வரி.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. அனுப்பியது வடகரைச் சாலை ஒருங்கிணைப்புக் குழுமம். அப்படி ஒன்று இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. என் மனுவைப் பரிசீலித்து, என்னையே மார்ஷலாக நியமித்திருப்பதாகவும், கூட்டத்துக்கு வர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

கூட்டம் ஏசி அறையில். நீள மேசையைச் சுற்றி நான்கு துறைக்காரர்கள். தலைமை இடத்தில் முதன்மை ஒருங்கிணைப்பாளர் கிருஷ்ணப்பன். மெல்லிய ஆள், சட்டைப்பையில் மூன்று பேனா. அவர் எழுந்து நின்று பேசினார்.

"மார்ஷல் என்பது சாதாரணச் சொல் அல்ல. ஆதியில் ராஜாவின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவருக்கு அந்தப் பெயர். பிறகு படைத்தலைவருக்கு. சட்டசபையில் உறுப்பினரை வெளியேற்றுகிறவர் மார்ஷல். ஊர்வலத்தை ஒழுங்குபடுத்துகிறவர் மார்ஷல். ரயில்வேயில் கூட்ஸ் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கிற வேலைக்கும் அதே சொல். மக்கள் எங்களிடம் கேட்டது வெறும் இடைவெளி. நாங்கள் கொடுப்பதோ ஒரு பதவி. இந்தக் குழுமத்தின் தொலைநோக்கு இதில்தான் இருக்கிறது."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு, இத்தனை அர்த்தத்தில் நான் எது என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், வம்புக்கு இல்லை. அது ஆழமான கேள்வி என்று கிருஷ்ணப்பன் குறித்துக்கொண்டார். அதற்காக ஒரு துணைக்குழு போட்டார்கள்.

துணைக்குழு ஆறு தடவை கூடியது. தீயணைப்புப் பக்கத்து ஆள், மார்ஷல் என்றால் தீ விபத்தில் ஆட்களை வெளியேற்றுகிறவர் என்றார். சாலைப் பக்கத்து ஆள், மார்ஷல் என்றால் வாகனங்களை வரிசைப்படுத்துகிறவர் என்றார். பேரிடர்ப் பக்கத்து அம்மாள், புயல் வந்தால் பொதுமக்களை ஓரிடத்தில் சேர்க்கிறவர்தான் மார்ஷல் என்று அகராதியைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினார். நாலாவது ஆள் எந்தத் துறை என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை, அவர் விழாக்களுக்கு மார்ஷல் வேண்டும் என்றார். ஒரு கூட்டத்தில் பாதி நேரம், எங்கள் சாலையில் குதிரை போவதுண்டா என்பதிலேயே போனது. முடிவில் எந்த அர்த்தத்தையும் விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசில்லாமல், நாலையும் எனக்கே கொடுத்தார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நாலு மேற்சட்டை.

ஒரு துறையின் சட்டையைப் போட்டுக்கொண்டு இன்னொரு துறையின் வேலையைச் செய்யக் கூடாது என்று கையேட்டில் இருந்தது. அவசரத்தில் எங்கே மாற்றிக்கொண்டிருப்பது என்று நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். மே மாதம். வியர்வையில் வெந்து போனேன்.

கையேடு எழுபது பக்கம். எதைச் செய்யலாம் என்பது இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. மார்ஷல் வாகனத்தை நிறுத்தக் கூடாது, அது போலீஸ் வேலை. கையை உயர்த்துவது நிறுத்துவதாகவே கருதப்படும். விசில் ஊதலாம், ஆனால் ஊதினால் ஓட்டுநர் நின்றுவிடக்கூடிய விதத்தில் ஊதக் கூடாது. கவனிக்கலாம். வாரம் ஒரு முறை அறிக்கை அனுப்பலாம்.

முதல் நாள் நாலு சட்டையோடு தெரு வாயில் போய் நின்றேன். எதிர் வீட்டு சொக்கம்மாள், லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு வந்தவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். கொடிமரம் மாதிரி இருக்கிறேன் என்றாள். நான் அவளைக் கண்டுகொள்ளாமல், வாயை அடைத்து நின்ற டிரெய்லரின் டிரைவரிடம் போனேன். பெயர் வரதன், கொருக்குப்பேட்டைக்காரன். நான் மார்ஷல் என்றேன். அவன் கதவைத் திறந்து கீழே இறங்கி வந்தான், மரியாதையாகத்தான்.

"நைனா, நான் எட்டடி வுட்டேன்னு வை. பின்னால வர்றவன் வலது பக்கமா வந்து மூக்க நொழச்சிடுவான். ஒரு எடம் போச்சின்னா எனக்கு நாலு மணி நேரம் போச்சி. ரெண்டு நாளா குளிக்காம இங்க கெடக்கறேன். நீ மார்ஷலா இரு, இன்னாவா வேணா இரு. இந்த எடம் வரதனுதுன்னு எவன் சொல்லுவான்?"

எழுபது பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. சொக்கம்மாளிடம் இருந்தது. அவள் தன் பச்சைக் குடத்தைக் கொண்டுவந்து தெரு வாயின் இந்த ஓரத்தில் வைத்தாள். வீட்டுக்குப் போய் இன்னொரு குடம் கொண்டுவந்து அந்த ஓரத்தில் வைத்தாள்.

"இந்தக் கொடம் நிக்கிற வரிக்கும் இது உன் எடம். எவன் நொழஞ்சாலும் எங்கிட்ட சொல்லு," என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கம் தண்ணீர் லாரிக்கு ஆள் நிற்பதில்லை, குடம்தான் நிற்கும். குடத்தை வைத்துவிட்டு நாங்கள் வேலைக்குப் போவோம், மாதா கோயிலுக்குப் போவோம், பிரசவத்துக்குக்கூடப் போயிருக்கிறோம். குடம் வைத்தால் அந்த இடம் அவருடையது. இங்கே மண்டை உடைந்திருக்கிறது, கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள், ஆனால் அடுத்தவர் குடத்தை எவரும் நகர்த்தியதில்லை. வரதன் சிரித்துவிட்டான். அவன் அம்மா குடமும் இந்த நேரம் கொருக்குப்பேட்டையில் ஒரு வரிசையில் நின்றுகொண்டுதான் இருக்கும். பின்னால் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பின்வாங்க வைத்து, தானும் வண்டியைப் பின்னால் எடுத்து, இந்த ஓரக் குடத்துக்கு இப்பால் நிறுத்தினான். முன்னால் இருக்கும் நாலு பேருக்கும் பின்னால் இருக்கும் நாலு பேருக்கும் போன் போட்டு, இன்னார் குடம், நடுவில் நுழையாதே என்று சொன்னான்.

மறுநாள் காலை லாரிகள் வரிசையாக நின்றன. எங்கள் தெரு வாயில் இரண்டு குடம், நடுவில் எட்டடி வெற்றிடம். அந்தப் பக்கம் ஒரு முழு வண்டி நிற்க இடம் கிடைத்த பிறகுதான் இந்தப் பக்கத்து லாரி வாயைத் தாண்டியது. விஜயவாடாவிலிருந்து வந்தவனும் நின்றான். அவன் ஊரிலும் தண்ணீர்க் கஷ்டம் இருந்திருக்க வேண்டும்.

ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வார்த்தையில்லை. கரோலின் ஆறே முக்காலுக்கெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்து அம்மாளோடு சீரியல் கதை பேசினாள். ஹுமாயூன் நிதானமாக டீ குடித்தார். அந்தச் சந்தோஷத்தில்தான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். வாராந்தர அறிக்கையில் உண்மையை எழுதிவிட்டேன். இரண்டு குடம் வைத்தோம், சரியாகிவிட்டது, குழுமத்துக்கு நன்றி.

ஐந்து காரில் பதினோரு பேர் வந்தார்கள். ஐந்து காரையும் அந்த எட்டடியிலும் அதன் பின்னாலும் நிறுத்தினார்கள். கிருஷ்ணப்பன் குடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். இதை யார் நியமித்தது என்று கேட்டார். பயிற்சி எதுவும் பெறாத பொருள், மேற்சட்டை இல்லை, எந்தத் துறையின் கீழ் வருகிறது என்பதும் தெளிவில்லை என்று உதவியாளரை எழுதச் சொன்னார். பிறகு என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போய், தணிந்த குரலில் பேசினார்.

"இக்னேஷியஸ், யோசித்துப் பாருங்கள். மார்ஷல் வேலையைக் குடம் செய்கிறது என்றால் மார்ஷல் எதற்கு என்பார்கள். மார்ஷல் வேண்டாம் என்றால் குழுமம் எதற்கு என்பார்கள். ஒரு பிரச்சினையை இப்படி யாரையும் கேட்காமல் தீர்த்துவிட்டால், அதற்காகவே இருக்கிற நாங்களெல்லாம் எங்கே போவோம்?"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

குடங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. பிளாஸ்டிக் குடம் இரண்டு, பச்சை, ஒன்றில் விளிம்பு விரிசல் என்று ஒரு ரசீது கொடுத்தார்கள். ரசீதில் தண்ணீர் பிடிக்க முடியுமா என்று சொக்கம்மாள் கேட்டாள். அதையும் எழுதிக்கொண்டார்கள். கார்கள் போன பத்தாவது நிமிஷம் லாரிகள் மூக்கும் முதுகுமாக ஒட்டிக்கொண்டன. சொக்கம்மாள் வேறு குடம் வைக்கப் போனாள். அங்கே ஒரு காவலாளியை உட்கார வைத்துவிட்டார்கள், குடம் வராமல் பார்த்துக்கொள்ள.

அடுத்து வந்தது தெருமுனை மார்ஷல் திட்டம். எங்கள் தெருவில் நாற்பது பேருக்கு மேற்சட்டை. வியாழக்கிழமை டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து திறந்து வைப்பார். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் தெரு வாயில் ஒத்திகை. செவ்வாய் வேண்டாம் சார் என்று நேரில் போய்ச் சொன்னேன். அதிகாரிகளுக்கு வசதியான நாள் அதுதானாம்.

ஒத்திகையில் ஒரு நோயாளி இருந்தார். குழும அலுவலகத்தில் வேலை பார்க்கும் மேத்யூ என்பவர், நல்ல ஆரோக்கியம், எழுபத்தைந்து கிலோ. அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, நாற்பது மார்ஷல்களும் விசில் ஊத, தெருவிலிருந்து நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோனார்கள். இதற்காக இரண்டு லாரிகளை நகர்த்தியிருந்தார்கள். நாலே நிமிஷம். கை தட்டினார்கள். நேரம் சரியாக வரவில்லை என்று மேத்யூவைத் திரும்பக் கொண்டுவந்து மறுபடி தூக்கினார்கள். மொத்தம் ஏழு தடவை. ஒத்திகைக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் ஹுமாயூனின் ஆட்டோவில் கரோலின் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே நிஜமாகவே ஒரு நோயாளி இருக்கிறார், மேத்யூவோடு சேர்த்து விட்டுவிடுங்கள் என்று கிருஷ்ணப்பனிடம் கெஞ்சினேன். ஒத்திகை நோயாளிகளின் பட்டியலில் கரோலின் பெயர் இல்லை என்றார். இதெல்லாமே உங்கள் மனைவி போன்றவர்களுக்காகத்தானே, கொஞ்சம் ஒத்துழைக்கக் கூடாதா என்று வருத்தப்பட்டார்.

நாங்கள் ஆஸ்பத்திரி போனபோது மணி எட்டரை. படுக்கையில் வேறொருவர். நர்ஸ் திட்டவில்லை. வியாழக்கிழமை எப்படியாவது வந்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். புதன் ராத்திரிக்குள் கரோலினின் செருப்பு காலில் ஏறவில்லை.

வியாழன் விடிகாலை கதவைத் திறந்தால், தெரு வாயை மேடை அடைத்திருந்தது. பெஞ்சுகளின் மேல் பலகை, மேலே சாமியானா, பின்னால் பேனர். நான் ஓடிப்போய், மேடையை இரண்டு கஜம் தள்ளிப் போடக் கூடாதா என்றேன். தெரு வாய்தான் திட்டத்தின் கருப்பொருள், கருப்பொருளின் மேல்தான் மேடை இருக்க வேண்டும் என்றார் கிருஷ்ணப்பன். ஆறரைக்கு முடிந்துவிடும், கவலை வேண்டாம் என்று என்னை மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்.

ஆறு நாற்பதுக்குத்தான் பெரிய அதிகாரி வந்தார். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பூங்கொத்து. பேனருக்குப் பின்னால் ஆட்டோ. பிறகு கிருஷ்ணப்பன் குதிரையிலிருந்து ஆரம்பித்தார். ராஜா, படைத்தலைவர், சட்டசபை. கூட்ஸ் பெட்டி வரும்போது ஏழு ஐந்து. ஹுமாயூன் பேனரின் ஓரத்தில் தலையை நீட்டினார்.

"மாமு, அக்காவுக்கு மூச்சு வாங்குது."

எழுந்து நேராக மைக் முன்னால் போனேன். மேடையில் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

"சார், எம் பொண்டாட்டி பின்னால ஆட்டோல கீது. மூச்சு வுட முடியல. மேடைய எடுங்க," என்றேன்.

கிருஷ்ணப்பன் கூட்டத்தைப் பார்த்துப் பெருமையோடு சிரித்தார். ஒரு சாதாரண மார்ஷல் இவ்வளவு பெரிய அதிகாரி முன்னிலையில் அச்சமின்றித் தன் கோரிக்கையை வைக்கிறார், இதுவே திட்டத்தின் முதல் வெற்றி என்றார். கை தட்டினார்கள். கோரிக்கை நன்றியுரைக்குப் பிறகு எடுத்துக்கொள்ளப்படும் என்றும் சொன்னார்.

சொக்கம்மாள் மூன்றாவது வரிசையில் மஞ்சள் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். மேடையின் இடது கோடிக்கு வந்து, குனிந்து, ஒரு பலகையை உருவினாள். இன்னும் நாலு பெண்கள் வந்தார்கள். பிறகு நாற்பது மார்ஷல்களும். பலகை, பெஞ்சு, பேனர் என்று கைமாற்றிக் கைமாற்றி, கல்யாணம் முடிந்த பந்தலைப் பிரிக்கிற மாதிரி பிரித்தார்கள். இடது பக்கம் உட்கார்ந்திருந்த துறைக்காரர்கள் நாற்காலியோடு வலது பக்கம் நகர்ந்தார்கள். பலகை உருவ உருவ, நகர்ந்துகொண்டே போனார்கள். பெரிய அதிகாரி இது என்ன என்று இந்தியில் கேட்டார். கிருஷ்ணப்பன் கண நேரம்தான் திகைத்தார்.

"இதோ, செயல்முறை விளக்கம்," என்றார் மைக்கில். "மார்ஷல்களின் ஒருங்கிணைப்பை நீங்கள் நேரில் பார்க்கிறீர்கள்."

பெரிய அதிகாரி கை தட்டினார். நாலு துறையும் மேடையின் வலது மூலையில் ஒன்றின் மடியில் ஒன்றாக உட்கார்ந்து கை தட்டியது. கிருஷ்ணப்பன் ஒரு காலில் நின்றபடி உரையைத் தொடர்ந்தார். அந்தச் சந்தில் ஹுமாயூன் ஆட்டோவை விட்டார். நான் குதித்து ஏறிக்கொண்டேன்.

நெடுஞ்சாலையில் ஒரு லாரி இல்லை. என் கண்ணையே நம்ப முடியவில்லை. பெரிய அதிகாரி வருகிறார் என்று எல்லாவற்றையும் அதிகாலையிலேயே மாதவரம் பக்கம் திருப்பி விட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வீடுகள், நடுவில் துடைத்துவிட்ட மாதிரி சாலை. கரோலின் என் தோளில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கண் மட்டும் வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா, ரோடு இவ்ளோ பெரிசா?" என்றாள்.

பதிமூன்று நிமிஷத்தில் போய்விட்டோம். ஏழு இருபத்தாறு. படுக்கை இருந்தது. நர்ஸ் ஆக்சிஜனை மாட்டி, ஊசியைக் குத்தி, மெஷினைப் போட்டார். நான் நாலு சட்டையோடு சுவரோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை, அந்த வார்டில் அது சகஜம். ஒரு மணி நேரம் போனதும் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. என்னைக் கூப்பிட்டு, இன்னொரு மனு எழுதச் சொன்னாள். எனக்கு மனு என்றாலே பயம். வேண்டாம் என்றேன்.

"எழுதுய்யா. திட்டம்லாம் நடத்த வாணாம். தொறந்து மட்டும் வைக்கச் சொல்லு. செவ்வா, வியாயன், சனி, காலைல ஆறு மணிக்கு ஒரு பெரிய ஆபீசர் வந்து தொறந்து வச்சா போதும்."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கையேட்டின் பின்பக்கம் காலியாக இருந்தது, அதைக் கிழித்து அவள் சொன்னபடியே எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். பக்கத்துப் படுக்கை வியாகுலம்மாள் எண்ணூர்க்காரர், அதே சாலையில் வருகிறவர். தானும் போடுகிறேன் என்று தாளை வாங்கினார். வலது கையில் ஊசி இருந்ததால் இடது கையால் போட்டார்.